போர்தோ ஒயினும் தோட்டத்துக் கள்ளும்

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்



பிரான்சு நாட்டின் தென்மேற்கில் போர்தோ என்றொரு நகரம் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் உலகத்தார் மனத்தில் முதலில் தோன்றுவது ஒயின். நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் என்று ஊர்களின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களுக்குப் பால்மரம் நினைவுக்கு வரும். விடியற்காலைப் பெரட்டு நினைவுக்கு வரும். கூடவே கள்ளுக்கடையும் நினைவுக்கு வரும்.

இரண்டும் மண்ணில் விளைந்த இனிப்புச் சாறு புளித்து உண்டான மதுதான். ஆனால், போர்தோக்காரர் தம் ஊர் மதுவைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறார். தோட்டத்தில் வளர்ந்தவர் கள்ளுக்கடையைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? பிரெஞ்சுக்காரர் நாகரிகமாகக் குடித்தார், தமிழர் நாகரிகமின்றிக் குடித்தார் என்று சொல்லிவிடுவது எளிது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. மதுவின் மீது யாருக்கு அதிகாரம் இருந்தது, அதனால் வந்த பணம் யார் கைக்குப் போனது என்ற இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும்.

ஆற்றங்கரைத் திராட்சை

முதலில் போர்தோவைத் தெரிந்துகொள்வோம். கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகள் இந்த வட்டாரத்தில் ஒன்று சேர்ந்து, ஜிரோந்து என்ற அகன்ற கழிமுகமாகிக் கடலில் கலக்கின்றன. ஆற்றின் இடப்பக்கம் உள்ள மெதோக் வட்டாரம் கூழாங்கல் நிலம். மழை பெய்தால் நீர் நிற்காது. பகலில் வாங்கிய வெயிலைக் கற்கள் இரவிலும் வைத்திருக்கும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சொவிஞ்ஞோன் என்ற கருந்திராட்சைக்கு அந்த நிலம் ஏற்றது. வலப்பக்கம் உள்ள சாந்த் எமிலியோன், பொம்ரோல் வட்டாரங்களில் களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் அதிகம். அங்கே மெர்லோ என்ற திராட்சை நன்றாக விளையும். இடக்கரை ஒயின் இளமையில் துவர்ப்பாக இருந்து ஆண்டுகள் கழிந்தபின் பதமாகும். வலக்கரை ஒயின் அதைவிட மென்மையானது என்பது பொதுவான கணிப்பு.

தெற்கே சோத்தேர்ன் என்ற பகுதி இருக்கிறது. இலையுதிர் காலத்தில் அங்கே ஆற்றோரம் காலைப் பனிமூட்டம் படியும். அந்த ஈரத்தில் திராட்சை மீது ஒரு வகைப் பூஞ்சை பிடித்துப் பழம் சுருங்கிப்போகும். வேறு ஊராக இருந்தால் அழுகல் என்று எறிந்துவிடுவார்கள். சோத்தேர்ன்காரர்கள் அந்தச் சுருங்கிய பழத்தைத்தான் பொறுக்கி எடுத்துத் தேன் போன்ற வெள்ளை ஒயின் செய்கிறார்கள்.

செய்முறை விளங்காத ஒன்றல்ல. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பழம் பறிப்பார்கள். கருந்திராட்சையைத் தோலோடு சேர்த்து நசுக்கித் தொட்டியில் விடுவார்கள். ஈஸ்ட் எனும் நுண்ணுயிர் பழத்தின் சர்க்கரையைத் தின்று மதுச்சாரமாக மாற்றும். ஒயினுக்குச் சிவப்பு நிறமும் துவர்ப்பும் தருவது பழத்தோல்தான். பிறகு 225 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களில் பல மாதங்கள் வைத்திருந்து புட்டியில் அடைப்பார்கள். மதுச்சாரம் பெரும்பாலும் 12 முதல் 14 விழுக்காடு வரை இருக்கும். முக்கியமான செய்தி இதுதான்: இந்த மது கெடாமல் நிற்கும், கப்பலேறும், நல்ல ஆண்டின் ஒயின் இருபது முப்பது ஆண்டுகள்கூடக் காத்திருக்கும். காத்திருக்கக்கூடிய சரக்குக்குத்தான் வணிகர் வருவார். பெயரும் விலையும் ஏறும்.

போர்தோவின் பெயர் ஏறியதும் வணிகத்தால்தான். 1152 ஆம் ஆண்டு அக்கித்தேன் சீமாட்டி எலினோர், பின்னாளில் இங்கிலாந்து மன்னரான இரண்டாம் ஹென்றியை மணந்தார். அதன்பின் 1453 வரை இந்த வட்டாரம் ஆங்கில அரசரின் ஆட்சியில் இருந்தது. கப்பல் கப்பலாக ஒயின் இங்கிலாந்துக்குப் போனது. பிற்காலத்தில் இந்தத் துறைமுகம் அடிமை வணிகத்திலும் காலனித் தீவுகளின் சர்க்கரையிலும் செல்வம் சேர்த்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பெயரைக் காத்துக்கொண்ட விதம்

1855 இல் பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொள்ள, போர்தோவின் சிறந்த ஒயின்களுக்குத் தரவரிசை ஒன்று தயாரிக்கப்பட்டது. சந்தையில் எந்தப் பண்ணையின் ஒயின் எவ்வளவு விலைக்குப் போயிற்று என்ற கணக்கை வைத்துத் தரகர்கள் சிவப்பு ஒயின்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள். லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ பிரியோன் என்ற நான்கு பண்ணைகள் முதல் வகுப்பில் இடம்பெற்றன. இரண்டாம் வகுப்பில் இருந்த மூத்தோன் ரோத்ஷில்ட் 1973 இல் முதல் வகுப்புக்கு உயர்ந்தது. இவ்வளவு ஆண்டுகளில் அந்தப் பட்டியலில் நடந்த பெரிய மாற்றம் அது ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் பண்ணையாளர் ஒயினைப் பீப்பாயோடு வணிகரிடம் கொடுத்துவிடுவார். புட்டியில் அடைப்பது வணிகரின் வேலை. இடையில் என்ன கலந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. 1924 இல் மூத்தோன் பண்ணையின் பிலிப் தெ ரோத்ஷில்ட், தம் பண்ணை ஒயின் முழுவதையும் தம் இடத்திலேயே புட்டியில் அடைப்பது என்று முடிவு செய்தார். மற்ற பெரிய பண்ணைகளும் அதைப் பின்பற்றின. 1935 இல் பிரெஞ்சு அரசு சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. எந்த எல்லைக்குள் விளைந்த திராட்சை, எந்த வகைத் திராட்சை, ஒரு ஹெக்டாருக்கு எவ்வளவு விளைச்சல் என்ற விதிகளுக்கு உட்பட்ட ஒயினுக்கு மட்டுமே அந்த ஊர்ப் பெயரைப் போடலாம் என்றாயிற்று. அடுத்த ஆண்டே போர்தோவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்தது.

பழம் பறிக்கும் கூலித் தொழிலாளிக்கு இந்தப் பெருமையில் பெரிய பங்கு ஏதும் கிடைத்துவிடவில்லை என்பது உண்மை. ஆனாலும் விளைவிக்கிற ஊர், தன் மதுவின் பெயரையும் தரத்தையும் தன் கையில் வைத்துக்கொண்டது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மலாயாவுக்கு வருவோம்.

இரண்டு உலகங்களையும் கண்ட ஒருவர்

போர்தோவுக்கு வடக்கே, கொஞ்ஞாக் பிராந்தி விளையும் ஷராந்து மாவட்டத்தில் பர்பெசியே என்ற சிற்றூர் உண்டு. அங்கே 1879 இல் பிறந்த ஆன்ரி ஃபொக்கோனியே 1905 இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூரில் ரப்பர் தோட்டத் துரையானார். 1917 இல் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனையை வாணிப முறையில் நட்டவரும் இவரே. மலாயா வாழ்க்கையை வைத்து இவர் எழுதிய நாவலுக்கு 1930 இல் பிரான்சின் உயரிய இலக்கியப் பரிசான கோன்கூர் கிடைத்தது. அந்த நாவலில் தமிழ்த் தொழிலாளர்களும் வருகிறார்கள்.

மதுவுக்குப் பேரும் புகழும் தேடித் தந்த மண்ணில் பிறந்தவர், தோட்டத்து மதுவுக்கு மலாயாவில் நேர்ந்த கதையைப் பக்கத்திலிருந்து பார்க்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். தமிழருக்கோ திராட்சை மது புதிதல்ல. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945 இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவைச் சங்கப் பாடல்களும் பேசுகின்றன. அதே மரபில்தான் திருக்குறளின் 93 ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை என்று பெயர் பெற்றது. குடியும் இருந்தது, குடிக்கு எதிரான குரலும் கூடவே இருந்தது.

பாளையிலிருந்து கலயத்துக்கு

தோட்டத்துக் கள் பெரும்பாலும் தென்னங்கள். தென்னம்பாளை விரிவதற்கு முன்பே அதைக் கயிற்றால் இறுகக் கட்டுவார்கள். சில நாட்கள் மெல்லத் தட்டித் தட்டிப் பதப்படுத்துவார்கள். பிறகு நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் சாறு சொட்டத் தொடங்கும். காலையும் மாலையும் மரமேறிச் சாற்றை இறக்கி, பாளையை மறுபடியும் மெல்லியதாகச் சீவிவிட வேண்டும். சீவல் கொஞ்சம் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் சாறு நின்றுபோகும். பால்மரம் சீவுகிறவருக்குக் கையில் என்ன பதம் வேண்டுமோ, அதே பதம் பாளை சீவுகிறவருக்கும் வேண்டும். மழை நாளில் வழுக்கும் மரத்தில் ஏறுவது உயிரைப் பணயம் வைக்கிற வேலை.

சொட்டும்போது அது வெறும் இனிப்புச் சாறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்காமல் பதநீராக இருக்கும். சுண்ணாம்பு இல்லையென்றால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நுரை எழும்பி, வெண்மையாகி, இனிப்பும் புளிப்பும் கலந்த கள்ளாகிவிடும். மதுச்சாரம் பொதுவாக நான்கிலிருந்து ஆறு விழுக்காடு வரை. இளங்கள் இனிக்கும், பொழுது ஏற ஏறப் புளிப்பும் கடுப்பும் கூடும். மறுநாள் அது காடியாகும் வழியில் இருக்கும்.

ஒயினுக்கும் கள்ளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கள்ளைப் பீப்பாயில் இட்டுக் காத்திருக்க முடியாது, கப்பலேற்றவும் முடியாது. இன்று இறக்கியதை இன்றே விற்றாக வேண்டும். ஆகவே மரத்துக்கும் கடைக்கும் உரிமம் யாரிடம் இருக்கிறதோ அவரே அந்த மதுவுக்கு முழு எசமானர். குடிப்பவர் அவரைத் தேடித்தான் போக வேண்டும்.

இதே சாற்றுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. புளிக்கும் முன் காய்ச்சினால் சர்க்கரை. தென்னஞ்சாற்றைக் காய்ச்சிச் செய்யும் வெல்லத்துக்கு இந்த நாட்டில் குலா மலாக்கா என்று பெயர். நெகிரி செம்பிலான் கம்பங்களில் கபோங் எனும் பனை வகையிலிருந்து சாறு இறக்கிச் சர்க்கரை காய்ச்சும் வழக்கமும் பழமையானது. சர்க்கரையானபோது அந்தச் சாறு ஓர் ஊரின் பெயரைத் தாங்கிக் கடைத்தெருவுக்கு வந்தது. கள்ளானபோது எந்த ஊரும் அதற்குப் பெயர் கொடுக்க முன்வரவில்லை.

கடை யாருடையது?

காலனி ஆட்சியில் கள் அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. பட்டணங்களில் அரசாங்கக் கள்ளுக்கடைகள். தோட்டங்களில் நிர்வாகத்தின் பெயரில் உரிமம் பெற்ற கடைகள். தோட்டத் துரை கொடுத்த கூலியின் ஒரு பகுதி, அதே தோட்டத்துக் கடையின் கல்லாவுக்குத் திரும்பி வந்தது. நிலமும் லயமும் வேலையும் கடையும் ஒரே கையில்.

கடையின் லாபம் தொழிலாளர் நலனுக்குச் செலவாக வேண்டும் என்பது விதி. அப்படிச் செலவானதும் உண்டு. கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுக்கும் பிள்ளைக் கொட்டகைக்கும் கள்ளுப் பணம் போனது. சற்று நின்று யோசித்தால் இதன் கொடுமை புரியும். தகப்பன் குடித்தால்தான் பிள்ளைக்குப் பந்து வரும். அதிகம் குடித்தால் மாரியம்மன் திருவிழா சிறப்பாக நடக்கும். முதலாளி தன் பையிலிருந்து கொடுக்க வேண்டியதைத் தொழிலாளியே மங்கு மங்காகக் குடித்துக் கட்டினார். கடையை மூடச் சொன்னால் நலநிதி போய்விடும் என்று சொல்லவும் அது வசதியாக இருந்தது.

தொழிலாளிகள் ஏன் குடித்தார்கள்? இருட்டோடு எழுந்து பெரட்டில் நின்று, வரிசை வரிசையாக மரம் சீவிப் பால் எடுத்து, தோளில் சுமந்து ஸ்டோரில் கொட்டிவிட்டு வந்தால் உடம்பு நோகும். வாசிப்பதற்கு நூலகம் இல்லை. பட்டணத்துக்குப் போக வாகனம் இல்லை. சிரம்பானுக்கோ போர்ட்டிக்சனுக்கோ போய்வருவது ஒரு நாள் வேலை. பிற்பகலுக்குப் பின் தோட்டத்தில் திறந்திருந்த ஒரே பொழுதுபோக்கு இடம் கள்ளுக்கடை. போர்தோவில் மது உணவு மேசைக்கு வந்தது; குடும்பம் கூட இருந்தது. தோட்டத்திலோ ஆண்கள் வீட்டை விட்டுக் கடைக்குப் போய், வெறும் வயிற்றில், சீக்கிரம் சீக்கிரமாகக் குடித்தார்கள். கள் புளித்துவிடும், கடையும் மூடிவிடும். சம்பள நாளின் இரவில் லயத்தில் என்ன நடந்தது என்பதைத் தோட்டத்துப் பெண்களைக் கேட்டால் தெரியும். அரிசிக் கடன், அடி உதை, பள்ளியை விட்டு நின்ற பிள்ளை: அந்த வரலாற்றை இந்தப் பெண்கள்தாம் சுமந்தார்கள்.

மூடச் சொன்னவர்களும் தொழிலாளிகளே

"தமிழன் குடிகாரன்" என்று இலேசாகச் சொல்லுகிறவர்கள் ஒரு செய்தியை மறந்துவிடுகிறார்கள். கள்ளுக்கடையை மூடு என்று உரக்கக் குரல் கொடுத்ததும் அதே தோட்டத் தொழிலாளர்கள்தாம்.

1936 இல் உருவான மலாயா மத்திய இந்தியர் சங்கம் கள்ளுக்கு எதிராகப் பிரசாரம் செய்தது. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். சம ஊதியம் வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். பெண்களிடம் முறைதவறி நடப்பது நிற்க வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். அதே பட்டியலில், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த அதே மானம்தான் கள்ளுக்கடையையும் மூடச் சொன்னது. அரசு படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பின் கெடாவில் ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர்கள் சீருடை அணிந்து, தோட்டந்தோட்டமாகப் போய்க் கள்ளுக்கடைகளை எதிர்த்தார்கள். 1947 இல் பீடோங் பகுதியில் போலீசாருடன் மோதல் ஏற்பட்டு உயிர்ப்பலியும் நேர்ந்தது. கடையை மூடக் கேட்டவர்களைக் கலகக்காரர்கள் என்றது அரசாங்கம். ஏனெனில் கள் வருமானம் அதற்கும் வேண்டியிருந்தது.

நெகிரி செம்பிலானில் இந்த விழிப்பு தொழிற்சங்க வடிவில் வளர்ந்தது. இந்த மாநிலத்தில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி. நாராயணன், 1954 இல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் முதன்மைத் தலைவராக விளங்கினார். மாலைப் பொழுதில் கூடிப் பேச இன்னோர் இடம் உண்டு என்று தொழிலாளிக்குக் காட்டியதும் சங்கம்தான்.

கள் போனது, சம்சு வந்தது

காலப்போக்கில் கள்ளுக்கடைகள் மறைந்தன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சிரம்பானைச் சுற்றியும் நீலாயைச் சுற்றியும் இருந்த தோட்ட நிலங்கள் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தில் இருந்தவர்கள் தாமானுக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்தார்கள். இன்று உரிமம் பெற்ற கள்ளுக்கடையைக் காண்பது அரிது.

ஆனால் குடி மறையவில்லை. கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்துக்கொண்டது. சீன மொழியிலிருந்து வந்த இந்தப் பெயர், இந்நாட்டில் மலிவான வடிசாராயத்தைக் குறிக்கும். சின்னப் புட்டியில் வரும், சட்டைப் பையில் அடங்கும், கெட்டுப்போகாது, எந்த நேரமும் கிடைக்கும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இதை எதிர்த்துப் பிரசாரம் செய்து வந்திருக்கிறது.

கள்ளுக்கடையையே திறந்து வைத்திருந்தால் சம்சு வந்திருக்காது என்று வாதிடுவோரும் உண்டு. கள் வீரியம் குறைந்தது என்பது சரிதான். ஆனால் கடையை மூடியபோது அந்த இடத்தில் வேறு என்ன வைக்கப்பட்டது என்பதே பெரிய கேள்வி. படிப்பகமோ திடலோ தொழிற்பயிற்சியோ வராத இடத்தில் வெற்றிடம் உண்டாயிற்று. அதைச் சம்சு நிரப்பியது.

உரிமமில்லாமல் தயாராகும் சாராயத்தில் அபாயம் இன்னும் பெரிது. அதில் மெத்தனால் கலந்திருந்தால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். கண் நரம்பைத் தாக்கும், உயிரையும் பறிக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் உள்ளிட்ட இடங்களில் இத்தகைய மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அன்று கடல் கடந்து வந்த தமிழர்கள் இருந்த இடத்தில் இன்று வேறு நாட்டு ஏழைகள் இருக்கிறார்கள். மலிவு மது எப்போதும் மலிவுக் கூலியைத் தேடித்தான் போகிறது.

பிரான்சும் விலை கொடுத்தது

ஒயின் நாகரிகமான மது, அதனால் கேடில்லை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். பிரெஞ்சுப் பள்ளி உணவுக்கூடங்களில் ஒரு காலத்தில் சிறுவர்களுக்கும் மது பரிமாறப்பட்டது. 1956 இல்தான் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது தடை செய்யப்பட்டது. 1991 இல் வந்த எவென் சட்டம் மது விளம்பரங்களுக்குக் கடிவாளம் போட்டது. அந்நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2015 இல் மட்டும் மதுவால் நேர்ந்த மரணங்கள் சுமார் 41,000.

பிரெஞ்சு மக்களும் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். 1960களில் ஆளுக்கு ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்த நாடு அது. இப்போது அதில் பாதிகூட இல்லை. விற்பனை சரிந்ததால் 2023 முதல் போர்தோவில் அரசு உதவியோடு ஆயிரக்கணக்கான ஹெக்டார் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கி வருகிறார்கள். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023 சனவரியில் அறிவித்தது. புகழ்பெற்ற பண்ணையின் ஒயினுக்கும் பெயரில்லாத சம்சுவுக்கும் இந்தக் கூற்று ஒன்றேதான்.

புட்டியைப் படிக்கத் தெரிய வேண்டும்

அப்படியானால் போர்தோவிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லையா? இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் புட்டியின் மீதுள்ள தாளைப் படிப்பார்கள். எங்கே விளைந்தது, யார் செய்தார், யார் அடைத்தார், எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். குடிப்பவர் இருக்கும் வீட்டில் குறைந்தபட்சம் இந்த அறிவாவது இருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து விழுக்காடுள்ள கள் அரை லிட்டர் குடித்தால் உள்ளே போகும் சுத்தமான சாராயம் 25 மில்லி. 13 விழுக்காடுள்ள ஒயின் ஒரு சிறு கிண்ணம், அதாவது 150 மில்லி குடித்தால் ஏறக்குறைய 20 மில்லி. 40 விழுக்காடுள்ள கடும் மது அதே 150 மில்லி என்றால் 60 மில்லி. பார்வைக்குச் சின்னதாகத் தெரியும் அந்தக் கடும் மது, அரை லிட்டர் கள்ளைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வேலையை உடம்புக்குள் செய்துவிடுகிறது. "கொஞ்சம்தானே" என்ற சொல்லின் பொய் இங்கே தெரிகிறது.

சட்டமும் ஓரளவு மாறியிருக்கிறது. 2017 டிசம்பர் முதல் மலேசியாவில் மது வாங்கும் குறைந்தபட்ச வயது 18 இலிருந்து 21 ஆக உயர்ந்தது. மது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கை புட்டியில் இடம்பெற வேண்டும் என்றும், கலப்பு வகைக் கடும் மதுவை 700 மில்லிக்குக் குறையாத கண்ணாடிப் புட்டியில்தான் விற்க வேண்டும் என்றும் விதி வந்தது. சட்டைப் பைப் புட்டியை ஒழிப்பதே அதன் நோக்கம். 21 வயது நிரம்பாத பையனுக்கு மது விற்கும் கடையையோ, பெயர்த்தாள் இல்லாத புட்டியையோ கண்டால் சுகாதார அமைச்சுக்கும் சுங்கத் துறைக்கும் புகார் செய்ய எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. கோயில் நிர்வாகங்களும் குடியிருப்போர் சங்கங்களும் இதை ஒரு பணியாக எடுத்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியமானது மாலைப் பொழுது. குடியை விடு என்று சொல்வதோடு நின்றுவிட்டால் பயனில்லை. வேலை முடிந்து வருகிறவர் ஆறு மணிக்கு எங்கே போவார் என்பதற்கு நம் குடியிருப்பு ஒவ்வொன்றும் பதில் வைத்திருக்க வேண்டும். ஒரு பூப்பந்துத் திடல், ஒரு படிப்பகம், தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு மாலை வகுப்பு, குடியை விட விரும்புகிறவர்கள் வெட்கப்படாமல் வந்து உட்காரும் ஓர் அறை. குடிக்கு அடிமையாவது ஒரு நோய். அரசாங்க மருத்துவமனைகளில் அதற்குச் சிகிச்சை கேட்கலாம் என்பதைக் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டும். திட்டித் திருத்தியவர்களைவிடச் சிகிச்சைக்கு அழைத்துப்போய்த் திருத்தியவர்கள் அதிகம்.

போர்தோ தன் மதுவைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு பேர் பெற்றது. தோட்டத்திலோ மதுவைப் பிறர் கட்டுப்படுத்தினார்கள். அதைக் கொண்டு தொழிலாளியையும் கட்டுப்படுத்தினார்கள். அந்தக் கட்டை அறுக்க 1941 இலும் 1947 இலும் உயிரைக் கொடுத்தவர்கள் படித்தவர்களும் அல்லர், பணக்காரர்களும் அல்லர், பால்மரம் சீவியவர்கள். இன்று துரையும் இல்லை, தோட்டத்துக் கடையும் இல்லை. சம்பளம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. அந்தப் பணம் எந்த வாசலுக்குப் போகிறது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் முதல் முறையாக அந்தந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறது.